மருந்து போய்ச் சேரும் இடம்

1909-இல் எண்ணெய் வணிகர் ஜான் டி. ராக்ஃபெல்லர், அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கினார். பருத்திக் காடுகளில் வெறுங்காலோடு நடந்த உழவர்களின் பாதத்தைத் துளைத்து உள்ளே போன புழுக்குஞ்சுகள், குடலில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, சுவரைக் கடித்துத் தொங்கி இரத்தம் குடித்துக்கொண்டிருந்தன. வெளுத்த முகமும் ஓயாத அசதியுமாக ஒரு தலைமுறையே சோம்பேறிப் பட்டம் வாங்கியிருந்தது. ஊர் ஊராக முகாம் போட்டு அவர்களுக்குக் கொடுத்த மருந்து தைமால். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் ஓமத்தின் வாசனையே அதுதான். இந்தியாவில் விளைந்த ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். அங்கே தைமாலாக வடிக்கப்பட்டு உலகமெங்கும் விற்பனையாகும். முதல் உலகப்போர் மூண்டு அந்த வழி அடைபட்டதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது.

தைமால் சாப்பிடுவது எளிய காரியம் இல்லை. முதல்நாள் இரவு அரை வயிற்றுச் சாப்பாடு, அதற்குமேல் பேதி உப்பு. மறுநாள் காலை வெறும் வயிற்றில் இரண்டு தவணையாகத் தைமால். பெரியவர்களுக்கு மொத்தம் நான்கு கிராம் வரை. பிறகு மறுபடியும் பேதி உப்பு. இதற்கிடையே சாராயம், எண்ணெய், வெண்ணெய் எதுவும் வாயில் படக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. தைமால் நீரில் அதிகம் கரையாது. சாராயத்திலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். கரைந்தால் குடல் அதை உறிஞ்சிவிடும். உறிஞ்சினால் புழுவுக்கென்று விழுங்கிய விஷம் மனிதனின் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். அப்படிச் செத்தவர்களும் உண்டு.

அந்த உத்தரவில் ஒரு நல்ல மருந்தியல் பாடம் இருக்கிறது. கொக்கிப்புழு வாழ்வது குடலின் உள்வெளியில். அங்கே போகிற மருந்து உடம்பில் சேராமல், குடலோடு பயணம் செய்து புழுவை மட்டும் தொட்டுவிட்டு வெளியேற வேண்டும். ஒரு பொருள் புழுவைக் கொல்லுமா என்பது பாதிக் கேள்விதான். புழு இருக்கிற இடத்துக்கு, புழு சாகும் அளவில், வேறெங்கும் போகாமல் அதைக் கொண்டுசேர்க்க முடியுமா என்பதே மீதிப் பாதி. தாவரச் சத்துகளை நானோ துகள்களில் அடைத்துப் புழுக்களுக்குக் கொடுக்கும் இன்றைய ஆராய்ச்சி முழுவதும் அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

அந்தப் பாதியைச் சரியாகச் செய்யாததற்கு விலை கொடுத்தவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1916-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் இருந்து போன தோட்டத் தொழிலாளர்களுக்கு அங்கே கொடுத்த முக்கிய மருந்து கீனோபோடியம் எண்ணெய். அமெரிக்கச் செடி ஒன்றில் இருந்து வடித்த, நெடி வீசும் எண்ணெய். புழுக்களைத் திறமையாகக் கொன்றது. ஆனால் மருந்தின் அளவுக்கும் விஷத்தின் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கொஞ்சம் கூடினால் காது அடைக்கும், தலை சுற்றும், வலிப்பு வரும், உயிரும் போகும். பின்னாளில் மண்டபம் முகாமில் இலங்கைக் கப்பலுக்குக் காத்திருந்தவர்களுக்கே கொக்கிப்புழு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மருந்துக்குப் பயந்து ஒளிந்தவர்களை அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

தாவரங்களில் புழுக்கொல்லிகள் இருப்பது வெறும் நம்பிக்கை இல்லை. மாதுளை வேர்ப்பட்டையில் நாடாப்புழுவை முடக்கும் பெல்லட்டியரின் இருப்பதை 1878-இல் பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் தான்ரே பிரித்துக் காட்டினார். நம் கொட்டைப்பாக்கில் உள்ள அரிகோலினைக் கொடுத்து நாய்களுக்குப் பேதியாக்கி, அவற்றின் குடலில் நாடாப்புழு இருக்கிறதா என்று பார்த்தது நியூசிலாந்து அரசு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வாய்விளங்கத்தில் எம்பெலின் இருக்கிறது. ஆர்ட்டிமீசியா குடும்பச் செடியில் இருந்து வந்த சான்டோனின் நூறாண்டுக்கு மேல் ஐரோப்பியக் குழந்தைகளின் பூச்சி மருந்தாக இருந்தது. சாப்பிட்ட பிள்ளைகளுக்கு உலகமே மஞ்சளாகத் தெரிந்ததும் பதிவாகியிருக்கிறது. மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இந்த மஞ்சள் பார்வை.

இந்த வரிசை முழுவதையும் ஓரங்கட்டியது, இன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று சப்பிச் சாப்பிடும் பூச்சி மாத்திரை, அதாவது அல்பெண்டசோல். அது நீரில் கரையாது, குடலில் அதிகம் உறிஞ்சப்படாது. வேறு மருந்துக்குக் குறையாக இருக்கக்கூடிய இந்தக் குணமே குடற்புழு மருந்துக்குப் பெரிய தகுதி. உலகில் சுமார் 150 கோடிப் பேரின் குடலில் மண்வழிப் புழுக்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அத்தனை பேருக்கு ஒரே மாத்திரையை, மருத்துவர் பக்கத்தில் இல்லாமல், ஆசிரியர் கையால் கொடுக்க முடிகிறது என்பது சாதாரண வெற்றி அல்ல.

ஆனாலும் அதற்கு எளிதில் எட்டாத இடங்கள் உண்டு. நாக்குப்பூச்சியை அது விரட்டிவிடும். சாட்டைப்புழுவிடம் ஒற்றை மாத்திரை பத்தில் மூன்று பேரைத்தான் குணமாக்குகிறது. ஆடுகளின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் ஹீமான்கஸ் புழு, அல்பெண்டசோல் குடும்பத்து மருந்துகளுக்குப் பணியாத நிலையை உலகின் பல நாடுகளில் எட்டிவிட்டது. தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் இது பதிவாகியிருக்கிறது. இன்னும் சில புழுக்கள் குடலிலேயே இல்லை. கல்லீரலில் நீர்க்கட்டிக்குள் இருக்கிறது ஒன்று, இரத்தக் குழாய்க்குள் குடும்பம் நடத்துகிறது இன்னொன்று.

இரத்தக் குழாய்க்குள் இருப்பது ஷிஸ்டோசோமா. 1851-இல் கெய்ரோவின் கஸ்ர் அல்-ஐனி மருத்துவமனையில் பிணப்பரிசோதனை செய்தபோது இதைக் கண்டவர் தியோடோர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர். நோய்க்கும் பில்ஹார்சியா என்றே பெயர் நின்றுவிட்டது. நன்னீர் நத்தையில் வளர்ந்த குஞ்சுகள், வாய்க்காலில் இறங்கியவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். வளர்ந்த ஆண்புழு தன் தட்டையான உடலை மடித்து ஒரு பள்ளம் உண்டாக்கும். மெலிந்த பெண்புழு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து முட்டையிடும். குடலில் இருந்து கல்லீரலுக்குப் போகும் சிரைகள்தான் இதன் பல வகைகளுக்கு வீடு. நோயை உண்டாக்குவது புழுவைவிட அதன் முட்டைகளே. இரத்தத்தோடு போய்க் கல்லீரலில் சிக்கி, அதைத் தழும்பேற வைக்கும். நோய் எதிர்ப்பு அணுக்கள் சூழ்ந்திருக்கும் இரத்தத்தில் இத்தனை ஆண்டுகள் புழு எப்படித் தப்பிக்கிறது? அதன் தோல் சாதாரணத் தோல் இல்லை. இரண்டு கொழுப்புச் சவ்வுகள் ஒன்றன்மேல் ஒன்று போர்த்திய, ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உறை அது.

இந்தப் புழுவை விரட்டப் போய் எகிப்து பட்ட பாடு கொஞ்சமில்லை. 1950-களில் இருந்து 1980-கள் வரை லட்சக்கணக்கான கிராமத்தவருக்கு ஆன்டிமனி உப்பை நரம்பு ஊசியாகப் போட்டார்கள். ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருவர் பின் ஒருவராகக் குத்தியதில் ஹெப்படைடிஸ் சி பரவி, உலகிலேயே அந்தக் கிருமி மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றானது எகிப்து. பிறகு வந்த ப்ராசிக்வாண்டல் மாத்திரை நிலைமையை மாற்றியது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக அந்த நோய்க்கு நடைமுறையில் அது ஒன்றுதான் மருந்து; அதுவும் வளர்ந்த புழுவைக் கொல்கிறதே தவிர, உடலில் புதிதாய் நுழைந்த இளம்புழுவை விட்டுவிடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் எகிப்துக் கடைகளுக்கு மிராசிட் வந்தது. மூலப்பொருள் வெள்ளைப்போளம், தமிழ் விவிலியம் வாசித்தவர்களுக்குத் தெரிந்த அதே பிசின். 2001-இல் அமெரிக்க வெப்பமண்டல மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமானதாகச் சொன்னது. நாட்டு மருந்து, உள்நாட்டுத் தயாரிப்பு, பக்கவிளைவு குறைவு. யாருக்குத்தான் பிடிக்காது? 2005-இல் அதே இதழில், பள்ளிப் பிள்ளைகளிடமும் வீடுகளிலும் மிராசிட்டையும் ப்ராசிக்வாண்டலையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு வந்தது. ப்ராசிக்வாண்டல் குழுவில் 60 முதல் 80 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். மிராசிட் குழுவில் சுமார் 9 சதவீதம். மூலிகைப் புழு மருந்து எதைப் படித்தாலும் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

இனி மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளின் நிறமியான குர்க்குமின், ஆய்வுத் தட்டில் ஷிஸ்டோசோமாவைக் கொல்கிறது. இதை பிரேசில் ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். ஆனால் ஆய்வுத் தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் குடலும் கல்லீரலும் இருக்கின்றன. குர்க்குமின் நீரில் கரைவதே இல்லை எனலாம். கரைந்து உள்ளே போகிற கொஞ்சத்தையும் குடல்சுவரும் கல்லீரலும் சர்க்கரை அமிலம் ஒன்றோடு பிணைத்து வெளியேற்றிவிடும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் தன்னார்வலர்களுக்கு இரண்டு கிராம் குர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அது கண்டறிய முடியாத அளவிலோ மிகச் சொற்பமாகவோதான் இருந்தது. மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இருபது மடங்கு கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்க்கும் நம் சமையலைப் புகழ இந்த ஆய்வைத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். இரண்டு கிராம் குர்க்குமினுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். ஒன்றுமில்லாததன் இருபது மடங்கும் பெரிதாக ஒன்றுமில்லை. கிராம் கணக்கில் விழுங்கினாலும் இரத்தத்தில் சேர்வது, தட்டில் புழுவைக் கொன்ற செறிவில் ஒரு சிறு பின்னமே.

நானோ துகள் இங்கேதான் நுழைகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இரத்தச் சிவப்பணு ஏழாயிரம் நானோமீட்டர் அகலம். மருந்தேற்றும் துகள்கள் பெரும்பாலும் நூறு முதல் முந்நூறுக்குள். பிரேசிலில் 2012-இல் வெளியான ஆய்வில் குர்க்குமினை பிஎல்ஜிஏ என்ற பாலிமருக்குள் அடைத்தார்கள். அறுவைச் சிகிச்சையில் தானே கரையும் தையல் நூல் இந்த வகைப் பொருளால்தான் செய்யப்படுகிறது. உடம்பில் மெல்ல உடைந்து லாக்டிக், கிளைகோலிக் அமிலங்களாகப் பிரிந்துவிடும். குர்க்குமினையும் பாலிமரையும் ஒரு கரைப்பானில் கரைத்து, சோப்புத்தன்மையுள்ள நீரில் வேகமாகக் கலக்கிக் கரைப்பானை ஆவியாக்கினால், மருந்தை வயிற்றில் அடக்கிய துகள்கள் நீரில் மிதந்தபடி மிஞ்சும். கரையாத பொருள் நீரில் பரவி நிற்கிறது, உறைக்குள் இருக்கும்வரை சிதையாமலும் இருக்கிறது. உறை கரையக் கரைய மெல்ல வெளிவருகிறது. வளர்ந்த ஷிஸ்டோசோமா இணைகளை இந்தத் துகள்களோடு வைத்தபோது இணைகள் பிரிந்தன, அசைவு குறைந்தது, தோலில் சிதைவு தெரிந்தது. செறிவு கூடியபோது செத்தன. இவை தட்டில் நடந்தவை. நானோ துகளின் உண்மையான பரீட்சை குடலையும் கல்லீரலையும் தாண்டுவதில் இருக்கிறது. தட்டில் அந்தப் பரீட்சையே இல்லை.

குர்க்குமின் மீது இன்னொரு சந்தேகமும் உண்டு. அது பல புரதங்களோடு ஒட்டும், ஒளிரும், நடுநிலைக் கரைசலில் சீக்கிரம் சிதையும். அதனால் ஆய்வுக்கூடச் சோதனைகளில் பொய்யான வெற்றிகளைக் காட்டக்கூடியது. 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், மருந்தில்லாத மாத்திரையோடு ஒப்பிட்ட இருமறைச் சோதனை ஒன்றிலும் தெளிவான வெற்றி கிட்டவில்லை என்று 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் கடுமையாகவே எழுதினார்கள். அந்த விமரிசனத்துக்கு இன்னும் நல்ல பதில் வரவில்லை என்பது என் கருத்து.

அப்படியானால் நானோ என்பதே வெறும் விளம்பரச் சொல்லா? இல்லை, அது ஒட்டுண்ணி நோயில் ஒரு முறை தன்னை நிரூபித்திருக்கிறது, அதுவும் பீகாரில். கருங்காய்ச்சல் எனப்படும் காலா-அசார், புழுவால் வருவதில்லை, ஓரணு உயிரால் வருகிறது. எகிப்தில் புழுவுக்குப் போட்ட அதே ஆன்டிமனி குடும்பத்து மருந்துதான் இங்கும் பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. பீகாரில் கிருமி அதற்குப் பணியாமல் போயிற்று. மண் பாக்டீரியாவில் இருந்து கிடைத்த ஆம்ஃபோடெரிசின் நல்ல மருந்து, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைச் சுமார் நூறு நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழியில் சேர்த்தார்கள். இரத்தத்தில் அன்னியமாய்த் திரியும் இத்தகைய துகள்களைக் கல்லீரல், மண்ணீரலின் விழுங்கணுக்கள் பிடித்து விழுங்கிவிடும். துகள்களால் மருந்தைக் கட்டிக்கு அனுப்ப முயலும் புற்றுநோய் மருத்துவர்களுக்கு இது பெரிய தலைவலி. கருங்காய்ச்சல் கிருமியோ அந்த விழுங்கணுக்களுக்குள்ளேதான் குடியிருக்கிறது! துகள் போகிற இடமும் கிருமி இருக்கிற இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. முசாஃபர்பூரில் நடந்து 2010-இல் வெளியான சோதனையில் ஒரே ஒரு முறை சொட்டுச் சொட்டாக ஏற்றியதில் 95 சதவீதத்துக்கு மேல் குணம். பிறகு தேசியத் திட்டத்தின் முதன்மை மருந்தாயிற்று.

புழு ஆராய்ச்சியாளர்கள் கல்லீரலை நோக்குவதற்குக் காரணம் இதுதான். ஷிஸ்டோசோமாவின் முட்டைகள் அங்கே. நாயிடம் இருந்து ஆட்டுக்கும் மனிதனுக்கும் வரும் எக்கினோகாக்கஸின் நீர்க்கட்டியும் பெரும்பாலும் அங்கே. ஈரானிய ஆய்வாளர்கள் 2017-இல், சட்டாரியா என்ற அந்நாட்டு வாசனைச் செடியின் எண்ணெயை நானோ துளிகளாக நீரில் சிதறவைத்து, நீர்க்கட்டி வந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் சிறுத்தன. அந்த எண்ணெயின் முக்கியச் சரக்கில் ஒன்று, ராக்ஃபெல்லர் முகாம்களில் கொடுத்த அதே தைமால். ஒரு நூற்றாண்டுக்கு முன் இரத்தத்தில் கலந்துவிடுமோ என்று பயந்து எண்ணெயைத் தடுத்தார்கள்; இப்போது புழு கல்லீரலில் இருப்பதால் எண்ணெய்த் துளியாக்கியே உள்ளே அனுப்புகிறார்கள். குடற்புழுவுக்கென்றால் வேறு வழி: இறால் ஓட்டில் இருந்து எடுக்கும் கைட்டோசான் உறை. அதன் நேர்மின்னேற்றம் குடலின் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். மருந்து உடம்பில் சேராமல் குடலிலேயே தங்கும்.

ஒரு குழப்பத்தை இங்கே தெளிவாக்க வேண்டும். வேப்பிலைச் சாற்றை வெள்ளி நைட்ரேட்டில் ஊற்றினால் கரைசல் பழுப்பாக மாறும். வெள்ளி அயனிகள் உலோக வெள்ளியாக மாறி, ஒன்றுசேர்ந்து நானோ துகள்களாகும். நம் கல்லூரி ஆய்வகங்களில் மிகவும் பிரபலமான சோதனை இது. துளசி, குப்பைமேனி, நொச்சி என்று செடியை மாற்றி மாற்றிக் கட்டுரைகள் வருகின்றன. அந்தத் துகள்கள் புழுவைக் கொல்வது உண்மைதான். பெரும்பாலும் கொல்வது வெள்ளி. செடிச் சாறு துகளை உண்டாக்க உதவியது, அதன் மேல் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. மூலிகையை நானோ உறையில் அடைப்பதும், மூலிகையால் உலோகத் துகள் செய்வதும் இரண்டு வேறு காரியங்கள். செடியின் பெயரைத் தலைப்பில் போட்டு இரண்டாவதை முதலாவதுபோலக் காட்டுவது நேர்மை இல்லை. குழந்தையின் குடலுக்குள் வெள்ளியை ஏற்றலாமா என்பதற்கு அந்தக் கட்டுரைகளில் பதிலும் இருக்காது.

தாவரச் சத்து புழு மருந்தாக முடியாது என்று இதற்குப் பொருளில்லை. மலேரியாவுக்காக சீனாவில் கண்டெடுத்த ஆர்ட்டிமிசினினின் வழித்தோன்றலான ஆர்ட்டிமீதர், ப்ராசிக்வாண்டல் தொடாத இளம் ஷிஸ்டோசோமாக்களைக் கொல்கிறது. செடியில் இருந்து வந்து மனிதச் சோதனைகளைத் தாண்டிய மருந்து அது. ஆனால் பள்ளி முகாமில் அல்பெண்டசோலின் இடத்தை நானோ மூலிகை பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாத்திரை சில ரூபாய்க்குள் முடிகிறது, வெயிலில் கெடுவதில்லை, எந்தத் தொகுதியை எடுத்தாலும் ஒரே அளவு மருந்து இருக்கிறது. நானோ கரைசல்கள் நாளாக நாளாகத் துகள்கள் ஒட்டித் திரளும், செடிச்சத்தின் அளவோ மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். இதற்கெல்லாம் ஈடுகொடுத்துச் செலவு செய்யத் தகுந்த இடம், பழைய மருந்து தோற்ற இடமாகத்தான் இருக்க வேண்டும்: கல்லீரல் கட்டி, சாட்டைப்புழு, மருந்துக்குப் பணியாத ஆட்டுப்புழு. முதலில் ஆட்டுக்கொட்டகையில்தான் இது தேறும் என்று பந்தயம் கட்டுவேன். ஆட்டின் எடையும் புழுக்கையில் முட்டை எண்ணிக்கையும் சில வாரங்களில் உண்மையைச் சொல்லிவிடும். தேவையும் அங்கே அவசரமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புழுநோய்க்கென நானோ மூலிகை மருந்து எதுவும் இன்று இல்லை. நானோ குர்க்குமின் என்று எழுதிய புட்டிகள் கடையில் விற்கின்றன. பூச்சிக்கென்று அவற்றை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் மாத்திரையை வாங்கிக் கொடுங்கள். சின்னக் குழந்தைக்குப் பாதி மாத்திரை, அதையும் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.